வானலை வழக்கில் வல்லுநர் சாட்சியம்



நீதிபதி சட்டம் கற்றவர். மின்காந்த அலைகளின் நுட்பத்தைக் கற்றவரல்லர். அவ்வாறிருக்க, "எங்கள் காப்புரிமையை இக்கருவியில் அனுமதியின்றிப் பயன்படுத்திவிட்டனர்" என்று ஒரு கம்பெனி வழக்குத் தொடுத்தால், அவர் எவ்வாறு நியாயம் வழங்குவார்? திருவள்ளூருக்குத் தெற்கே, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கைப்பேசிகள் உருவாகும் இந்நாளில் இக்கேள்வி நமக்கு அந்நியமன்று.

விஞ்ஞானம் பற்றிய வினா எழுந்தால் அத்துறையில் தேர்ந்தவரின் கருத்தைக் கேட்கலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 45ஆம் பிரிவில் இடமளித்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 39ஆம் பிரிவாக இருக்கிறது. அக்கருத்தை ஏற்றே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இமாசலப் பிரதேசத்து ஆப்பிள் தோட்டங்களைப் பற்றிய ஒரு வழக்கில், 1999இல் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வல்லுநர் தம் முடிவைச் சோதித்துப் பார்ப்பதற்குரிய அளவுகோலையும் நீதிபதியிடம் தரவேண்டும், தீர்மானிப்பவர் நீதிபதியே. கணக்குத் தேர்வில் விடையை மட்டும் எழுதிய மாணவனுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்ததில்லை. வழியையும் காட்டவேண்டும் அல்லவா? நீதிமன்றத்தின் முறையும் அதுவே.

கம்பியில்லாத் தந்தியின் வரலாற்றில் இதற்கொரு பெரிய சான்று உண்டு. மார்க்கோனியின் அமெரிக்கக் கம்பெனி, தன் காப்புரிமைகளை மீறியதாக ஐக்கிய அமெரிக்க அரசின்மீது 1916இல் வழக்குத் தொடுத்தது. அவற்றுள் முக்கியமானது, 1904இல் வழங்கப்பெற்ற இசைவிப்பு முறைக்குரியது. ஊஞ்சலை அதன் தாளமறிந்து தள்ளினால்தான் அது உயர எழும். அதுபோல, அனுப்பும் நிலையத்தில் இரண்டும் வாங்கும் நிலையத்தில் இரண்டுமாக நான்கு மின்சுற்றுகளையும் ஒரே அதிர்வெண்ணுக்கு இசைவிப்பதே அம்முறை.

1943 ஜூன் 21இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவ்வுரிமையின் முக்கியப் பகுதிகள் செல்லா எனத் தீர்ப்பளித்தது. லாட்ஜ், டெஸ்லா, ஜான் ஸ்டோன் ஆகியோர் முன்னரே செய்தவை எடுத்துக்காட்டப்பட்டன. ஸ்டோன் தம் விண்ணப்பத்தை மார்க்கோனிக்கு ஒன்பது மாதங்கள் முன்பு, 1900 பிப்ரவரியிலேயே அளித்திருந்தார். 1899இல் அவர் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதங்கள், அக்கருத்து அப்பொழுதே அவர் உள்ளத்தில் இருந்ததைக் காட்டின. தேதியிட்ட கடிதம் எவரும் சோதிக்கத்தக்க சான்று. ஆனால் அத்தீர்ப்பு வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பே ஸ்டோன் காலமாகிவிட்டார். கம்பியில்லாத் தந்தியை முதலில் வெற்றிபெறச் செய்தவர் என்ற மார்க்கோனியின் புகழ் அவ்வழக்கில் கேள்விக்கு உள்ளாகவில்லை என்பதையும் மறத்தலாகாது. நீதிபதிகளுள் ஒருவராகிய பிராங்க்பர்ட்டர் மாறுபட்டார். இத்தகைய நுட்பங்களை அளக்க நீதிபதிகள் பெற்ற பயிற்சி போதாது என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார்.

அக்குறையை நம் நாடு எவ்வாறு நிரப்ப முயல்கிறது? 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 115ஆம் பிரிவின்படி, எக்கட்சியையும் சாராத விஞ்ஞான ஆலோசகரை நீதிமன்றமே நியமித்துக்கொள்ள வழிசெய்கிறது. இருதரப்பு வல்லுநரையும் ஒருசேர அமர்த்தி விசாரிக்கும் முறைக்கு டெல்லி உயர்நீதிமன்ற விதிகள் இடமளிக்கின்றன. சுவீடன் நாட்டு எரிக்சன் கம்பெனி, லாவா என்ற நம் நாட்டுக் கைப்பேசிக் கம்பெனியின்மீது தொடுத்த வழக்கில், 2024 மார்ச்சில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டுக் காப்புரிமைகளுள் ஏழு நிலைத்தன, ஒன்று நீக்கப்பட்டது. ஏறத்தாழ 244 கோடி ரூபாய் இழப்பீடு விதிக்கப்பட்டது. பேச்சொலியைச் சுருக்கி அனுப்பும் நுட்பம் போன்றவற்றை ஆராய்ந்தே இம்முடிவு எட்டப்பட்டது. தவறான விளக்கம் ஒன்று நம்பப்பட்டால், கண்டுபிடித்தவன் உழைப்பின் பயனை இழப்பான். அல்லது குற்றமற்ற உற்பத்தியாளன் அழிவான்.

சென்னை உயர்நீதிமன்றத்திலும் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவு இயங்குகிறது. இன்று பௌதிகம் பயிலும் உங்களுள் ஒருவர் நாளை அங்கே சாட்சிக் கூண்டில் நிற்கக்கூடும். வல்லுநருக்கு ஊதியம் தருவது ஒரு கட்சியாக இருக்கலாம். அவர் கடமைப்பட்டிருப்பதோ உண்மைக்கு. தம்மை அழைத்தவருக்குப் பாதகமான விடையையும் காரணத்தோடு சொல்லத் துணிபவரின் சொல்லே நீதிமன்றத்தில் எடைபெறும்.