வேறு இயங்குதளத்தில் வட்டுகளைப் பயன்படுத்துதல்

ஓர் இயங்குதளத்துக்கென ஃபார்மட் செய்த வட்டை இன்னோர் இயங்குதளம் ஓடும் கணினியில் படிப்பதும் எழுதுவதும் கணினிப் பயன்பாட்டின் மிகப் பழைய சிக்கல்களுள் ஒன்று. நெகிழ்வட்டு, ஹார்ட் டிஸ்க், குறுவட்டு, பென்டிரைவ், மெமரி கார்டு என்று சேமிப்புக் கருவிகள் மாறிக்கொண்டே வந்தாலும் சிக்கல் மாறவில்லை. வட்டில் தரவு பத்திரமாக இருக்கும். அது அடுக்கப்பட்டிருக்கும் முறை எதிரில் உள்ள கணினிக்குத் தெரியாது. படிக்க முடியாத வட்டைப் பழுதான வட்டு என்று எண்ணி மீண்டும் ஃபார்மட் செய்துவிடுவதால் இழப்புகள் நேர்கின்றன. தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கு இவற்றோடு தனிச் சிக்கல்களும் உண்டு.

கோப்பு முறைமை

வட்டு என்பது எண்ணிட்ட சிறு கட்டங்களின் நீண்ட வரிசை. ஒரு கட்டம் பெரும்பாலும் 512 அல்லது 4,096 பைட் கொள்ளும். எந்தக் கட்டங்கள் எந்தக் கோப்புக்கு உரியவை, அதன் பெயர் என்ன, எப்போது எழுதப்பட்டது, எவை காலியாக உள்ளன என்ற கணக்கை வட்டிலேயே எழுதிவைக்கும் ஒழுங்கு கோப்பு முறைமை எனப்படும். இதை வயல்களோடு ஒப்பிடலாம். புதுச்சேரியின் பாகூர் ஏரிப் பாசனத்தில் வயல்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. எது யாருடையது என்பதைச் சர்வே எண்ணும் பதிவேடும்தான் சொல்கின்றன. அதுபோல வட்டின் பதிவேடு கோப்பு முறைமை. ஃபார்மட் செய்வது என்றால் பழைய பதிவேட்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குவது.

ஒரு வட்டைப் படிக்கக் கணினி நான்கு படிகளைக் கடக்க வேண்டும். முதலில் கருவியின் மீதுள்ள குறிகளை உணர வேண்டும். அடுத்து, வட்டு எத்தனை பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது என்று சொல்லும் அட்டவணையைப் படிக்க வேண்டும். மூன்றாவதாக, ஒவ்வொரு பிரிவிலும் உள்ள கோப்பு முறைமையை அறிந்திருக்க வேண்டும். கடைசியாக, கோப்பின் உள்ளடக்கத்தைத் திறக்கும் மென்பொருளும் எழுத்துருவும் இருக்க வேண்டும். எந்தப் படியில் தடை என்று தெரிந்தால்தான் தீர்வும் தெரியும்.

வரலாறு

1970களின் சிபி/எம் இயங்குதளக் காலத்தில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் நெகிழ்வட்டைத் தம் போக்கில் வடிவமைத்தனர். ஒரே இயங்குதளம் ஓடிய இரண்டு கணினிகள்கூட ஒன்றின் வட்டை மற்றொன்று படிக்காமல் நின்றன. மைக்ரோசாஃப்டில் 1977இல் உருவான ஃபேட் முறைமை, 1981இல் ஐபிஎம் கணினியோடு வந்த டாஸ் வழியாக உலகெங்கும் பரவியது.

ஆப்பிள் மெக்கின்டாஷின் தொடக்கக்கால 400, 800 கிலோபைட் நெகிழ்வட்டுகளில் தடை முதல் படியிலேயே இருந்தது. வெளிவிளிம்பிலும் உள்விளிம்பிலும் சுழலும் வேகத்தை மாற்றி எழுதப்பட்டதால், ஐபிஎம் வகைக் கணினியின் டிரைவ் அவற்றின் குறிகளையே உணரவில்லை. 1988இல் வந்த ஆப்பிளின் சூப்பர்டிரைவ் 1.44 மெகாபைட் வட்டுகளைப் படித்தபின் இந்தச் சுவர் தளர்ந்தது. அதே ஆண்டு குறுவட்டுகளுக்கு ஐஎஸ்ஓ 9660 என்ற பொதுத்தரம் வந்தது. எல்லா இயங்குதளங்களும் படிக்கும்படி தொடக்கத்திலேயே திட்டமிட்டு உருவாக்கப்பட்ட முறைமை அது.

பிற்காலத் தடைகள் பெரும்பாலும் மூன்றாவது படியில் அமைந்தன. முறைமையின் விவரக்குறிப்பு வெளியிடப்படாதவரை, மற்றவர்கள் வட்டுகளை ஆராய்ந்து, ஊகித்துத்தான் இயக்கி மென்பொருள் எழுத வேண்டியிருந்தது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டில் லினக்ஸிலிருந்து நம்பி எழுதும் வசதி, 2007இல் நிலைபெற்ற என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற கட்டற்ற மென்பொருளால் கிடைத்தது. எக்ஸ்ஃபேட் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019இல் வெளியிட்டது. அந்த ஆண்டே லினக்ஸ் கருவகத்தின் 5.4 பதிப்பில் அதற்கான இயக்கி சேர்ந்தது. என்டிஎஃப்எஸ்ஸுக்கு எழுதும் வசதியோடு கூடிய புதிய இயக்கி 2021இல் 5.15 பதிப்போடு வந்தது.

முதன்மை முறைமைகள்

• ஃபேட்32 (1996): ஏறத்தாழ எல்லாக் கணினிகளும், தொலைக்காட்சிகளும், கார் ஒலிப்பெட்டிகளும் படிப்பது. ஒரு கோப்பு 4 கிபிபைட்டை (GiB) எட்ட முடியாது. திருமண வீடியோ போன்ற பெரிய கோப்பு, வட்டில் இடம் இருந்தும் ஏறாமல் நிற்பது இதனால்தான்.

• எக்ஸ்ஃபேட் (2006): பென்டிரைவ், மெமரி கார்டுகளுக்கென உருவானது. 4 கிபிபைட் தடை இல்லை. விண்டோஸ், மேக்ஓஎஸ், புதிய லினக்ஸ் மூன்றும் படிக்கும், எழுதும். இன்று இயங்குதளங்களுக்கிடையே எடுத்துச்செல்லும் வட்டுக்கு இதுவே ஏற்றது.

• என்டிஎஃப்எஸ் (1993): விண்டோஸ் நிறுவப்படும் முறைமை. லினக்ஸ் படிக்கும், எழுதும். மேக்ஓஎஸ் தானாகப் படிக்க மட்டும் செய்யும்.

• இஎக்ஸ்டி4 (2008): லினக்ஸில் பரவலாக உள்ளது. விண்டோஸும் மேக்ஓஎஸ்ஸும் தாமாகப் படிப்பதில்லை. விண்டோஸ் 11இல், லினக்ஸை உள்ளே ஓட்டும் துணையமைப்பின் வழியாக ஹார்ட் டிஸ்க்கை இணைத்துப் படிக்கலாம்; பென்டிரைவுக்கு அந்த வழி பொதுவாகப் பயன்படாது.

• எச்எஃப்எஸ் பிளஸ் (1998), ஏபிஎஃப்எஸ் (2017): ஆப்பிள் கணினிகளுக்கு உரியவை. விண்டோஸில் படிக்கத் தனி மென்பொருள் தேவை.

ஆண்ட்ராய்டு ஃபோனின் உள் நினைவகமும் பெரும்பாலும் லினக்ஸ் வகைக் கோப்பு முறைமைகளில்தான் உள்ளது. ஆயினும் அதைக் கேபிளால் இணைக்கும்போது விண்டோஸ் திணறுவதில்லை. ஃபோன் தன் வட்டைக் கணினியிடம் ஒப்படைக்காமல், கேட்ட கோப்பைத் தானே படித்து எடுத்துக் கொடுப்பதே காரணம்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

விண்டோஸ் 98 வரையிலான கணினிகளில் தமிழ் எழுத்து இயங்குதளத்தின் பகுதியாக இல்லை. 1999இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் குறிமுறைகளும், தனித்து வளர்ந்த டிஸ்கியும், பல தனியார் எழுத்துருக்களும் இலத்தீன் எழுத்துகளுக்கும் குறியீடுகளுக்கும் உரிய எண்களில் தமிழ் வடிவங்களை வைத்தன. அக்காலக் கோப்பு இன்றைய கணினியில் சிதறிய குறியீடுகளாகத் தெரிந்தால் வட்டைக் குறைகூற இயலாது. மூன்று படிகளும் கடந்து, நான்காவதில்தான் தடை. உரிய எழுத்துருவோ குறிமாற்றியோ கிடைத்தால் ஓர் எழுத்தும் குறையாமல் மீளும்.

இன்று பெயர்கள் யூனிகோடில் எழுதப்படுகின்றன. அங்கும் மூன்று வேறுபாடுகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது நீளம். என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு பெயர் 255 குறியீடுகள் வரை நீளலாம். இஎக்ஸ்டி4இல் எல்லை 255 பைட். லினக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுப்பதால் 85 குறியீடுகளோடு பெயர் நின்றுவிடும். ‘புதுச்சேரி’ என்ற சொல்லே 10 குறியீடுகள், 30 பைட். விண்டோஸில் நீளமாகத் தமிழ்ப் பெயரிட்ட கோப்பு லினக்ஸ் வட்டுக்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படுவது இதனால்தான்.

இரண்டாவது உயிர்மெய்க் குறிகள். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். புதுச்சேரியின் வில்லியனூர்க் கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்த தொண்டமாநத்தத்தின் பெயரை எடுத்துக்கொண்டால், ‘தொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒற்றைக் குறியீடாக வைத்தால் ‘தொண்டமாநத்தம்’ 13 குறியீடுகள். கொம்பையும் காலையும் பிரித்தால் 14. எச்எஃப்எஸ் பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் மாற்றியே சேமிக்கும். மேக் வட்டு வழியாகப் போய்வந்த கோப்பை லினக்ஸ் கோப்புறையில் வைத்தால், கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும் இரண்டு ‘தொண்டமாநத்தம்’ அருகருகே நிற்கும். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. ஏபிஎஃப்எஸ் பெயரை எழுதியபடியே வைத்துக்கொண்டு, தேடும்போது இரண்டையும் ஒன்றாகக் கொள்கிறது.

மூன்றாவது, விலக்கப்பட்ட குறிகள். முக்காற்புள்ளி, கேள்விக்குறி, இரட்டை மேற்கோள் ஆகியவற்றை லினக்ஸ் பெயரில் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. ஆங்கிலப் பெயர்களில் தொல்லை தரும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு தமிழில் இல்லை என்பது நமக்குக் கிடைத்த வசதி.

வில்லியனூர், பாகூர்ச் சூழல்

வில்லியனூரும் பாகூரும் புதுச்சேரி வட்டாரத்தின் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளில் அடங்கும். புதுச்சேரி நிலப்பரப்பு ஒரே தொடராக இல்லாமல் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களோடு பின்னிக் கிடக்கிறது. பாகூர்க்காரருக்குக் கடலூர் எட்டும் தூரம். வில்லியனூர்ச் சாலை விழுப்புரத்துக்குப் போகிறது. படிப்புக்கும் வேலைக்கும் எல்லை தாண்டுவோரின் பென்டிரைவும் உடன் தாண்டுகிறது.

இப்பகுதியின் கணினி வரலாற்றில் வில்லியனூருக்குத் தனி இடம் உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியுடன், வில்லியனூரை நடுவமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களின் மையங்கள் நடுவத்தோடு தொலைபேசி வழியாகவும் விஎச்எஃப் வானொலி அலை வழியாகவும் இணைந்தன. தொலைபேசி இணைப்பு அரிதாகவும் நம்பமுடியாததாகவும் இருந்த காலத்தில் குரலும் கணினித் தரவும் வானொலியில் சென்றன. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்பலகைகள் பொருத்தப்பட்டன. வங்கக்கடலின் அலை உயரம் குறித்த அமெரிக்கக் கடற்படையின் இணையக் கணிப்பு, வில்லியனூரில் தமிழாக்கப்பட்டு, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியாக மீனவர்களுக்கு அறிவிக்கப்பட்டது.

வட்டுச் சிக்கலுக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு பாடம் இருக்கிறது. வலையமைப்பில் செல்லும்போது வட்டு நகர்வதில்லை, கோப்பு மட்டுமே நகர்கிறது. அனுப்பும் கணினி தன் முறைமையில் படிக்கிறது. பெறும் கணினி தன் முறைமையில் எழுதுகிறது. இரண்டு பதிவேடுகளும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. வட்டைப் படிக்க முடியாத இடத்தில் இரு கணினிகளையும் ஒரே வைஃபையில் இணைத்துக் கோப்பை அனுப்புவது இன்றும் எளிய, பாதுகாப்பான வழி.

இரண்டு இயங்குதளங்கள் கொண்ட மடிக்கணினிகள்

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம், விண்டோஸையும் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் ஒரே கணினியில் மாணவர் கையில் சேர்த்தது. பாஸ் லினக்ஸிலிருந்து பார்த்தால் விண்டோஸ் பிரிவின் பாடங்களும் படங்களும் தெரியும். விண்டோஸிலிருந்து பார்த்தால் லினக்ஸ் பிரிவு தெரியாது. லினக்ஸில் சேமித்த கோப்பு தொலைந்துவிட்டதாக எண்ணுவதற்கு இது காரணமாகிறது. இரண்டிலும் தேவைப்படும் கோப்புகளை விண்டோஸ் பிரிவிலோ, தனி எக்ஸ்ஃபேட் பிரிவிலோ வைப்பது நல்லது.

விண்டோஸ் 8 முதல் உள்ள வேகத் தொடக்க வசதி, கணினியை அணைக்கும்போது முழுமையாக அணைக்காமல் பாதி உறக்கத்தில் வைக்கிறது. அந்நிலையில் உள்ள என்டிஎஃப்எஸ் பிரிவில் எழுதினால் பதிவேடு குலையும் என்பதால் லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் திறக்கும். அவ்வசதியை நிறுத்திவிட்டு விண்டோஸை முழுமையாக அணைத்தால் எழுதலாம்.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிசகுவதும் இக்கணினிகளில் வழக்கம். கணினியின் உள்கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாகக் கொள்கிறது. லினக்ஸ் பொதுவாக உலகப் பொது நேரமாகக் கொள்கிறது. ஃபேட் வட்டுகளில் கோப்பின் நேரம் உள்ளூர் நேரமாகவே எழுதப்படுவதால், அங்கும் சில வேளைகளில் இதே பிசகு தெரியும்.

தரவைக் காத்தல்

படிக்கத் தெரியாத வட்டைச் செருகியதும், பயன்படுத்துவதற்கு முன் அதை ஃபார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்கும். இச்சிக்கலில் மிக ஆபத்தான இடம் இதுவே. லினக்ஸிலோ மேக்கிலோ எழுதிய நல்ல வட்டுக்கும், உண்மையில் பழுதான வட்டுக்கும் விண்டோஸ் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது. சுய உதவிக் குழுவின் கணக்கோ, மாணவரின் திட்ட அறிக்கையோ, இறந்துபோன ஒருவரின் புகைப்படங்களோ அதில் இருக்கலாம். ‘வேண்டாம்’ என்று விலகுவதே சரியான விடை.

தவறி ஃபார்மட் செய்துவிட்டாலும் விரைவு ஃபார்மட் பழைய பதிவேட்டைத்தான் நீக்குகிறது. வட்டில் உள்ள தரவு பெரும்பாலும் அப்படியே கிடக்கும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் மீட்டுத் தரக்கூடும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் வட்டு முழுவதும் சுழியம் எழுதுகிறது. அதன்பின் மீட்க இயலாது.

படிக்காத வட்டை அணுக ஓர் ஒழுங்கு உண்டு. அது எந்தக் கணினியில் கடைசியாகப் பயன்பட்டது என்று கேட்டறிந்து அங்கேயே முதலில் திறக்க வேண்டும். அது இயலாவிட்டால் பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓடும் லினக்ஸில் கணினியைத் தொடங்கி, வட்டைப் படிப்பதற்கு மட்டும் திறக்கலாம். பெரும்பாலான முறைமைகளை லினக்ஸ் அறியும். கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகலெடுத்து, திறந்து சரிபார்த்த பிறகே பழையதை எக்ஸ்ஃபேட்டாக மாற்ற வேண்டும். அதுவரை அந்த வட்டில் எதையும் எழுதாமல் வைத்திருப்பதே அதைக் காப்பது.