சணலில் தொடங்கிய ரால் பிளக்

நம் பழைய வீடுகளில் சுவருக்கு எடை தூக்கும் வேலை அதிகம் இருந்ததில்லை. ஊஞ்சலும் தூளியும் உறியும் உத்திரத்தில் தொங்கின. விளக்குக்கு மாடம் இருந்தது, பாத்திரத்துக்குப் பரண். சுவரில் அடித்த ஆணி ஒரு நாள்காட்டியையும் சாமி படத்தையும் கழற்றிப்போட்ட சட்டையையும் தாங்கினால் போதும். இன்றைய அடுக்குமாடி வீட்டில் உத்திரமும் இல்லை, மாடமும் இல்லை. டிவி, கீசர், தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டி, திரைச்சீலைக் கம்பி, சமையலறை அலமாரி என்று எல்லாம் சுவரில் தொற்றிக்கொண்டிருக்கின்றன. இத்தனையையும் ஸ்க்ரூ தாங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். ஸ்க்ரூவைத் தாங்குவது அதற்கு முன்னால் துளைக்குள் போய்விட்ட சிறிய பிளாஸ்டிக் துண்டு. ஹார்டுவேர் கடையில் பாக்கெட்டாகக் கட்டி, எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்குகிற ரால் பிளக்.

மரத்தில் திருகாணி நேராகவே ஏறும். மர நார்கள் விலகி இடம் கொடுக்கும், விலகிய நார்களே திரும்ப நெருக்கிப் பிடித்தும் கொள்ளும். செங்கல்லுக்கும் சிமென்டுக்கும் அந்தக் குணம் கிடையாது. நெருக்கினால் பொடியாகும். ஆகவே சுவரில் திருகாணி நிற்க வேண்டுமென்றால் முதலில் சுவருக்குள் கொஞ்சம் மரத்தை வைத்தாக வேண்டும். பல காலம் அதைத்தான் செய்தார்கள். உளியால் சதுரக் குழி கொத்தி, மரக்கட்டை இறுக்கி, சுற்றிலும் சாந்து பூசிக் காயவிட்டு, பிறகுதான் திருகாணி. தேக்குப் பட்டை மேல் மின்கம்பி ஓடிய காலத்து வீடுகளில் வரிசையாக இந்தக் கட்டைகள் இருக்கும். நம் பொதுப்பணி விதிமுறைகள் அந்தக் கட்டைக்கு அளவே வகுத்திருந்தன: நீளம் 5 செ.மீ., உள்முனை இரண்டரை செ.மீ. சதுரம், வெளிமுனை 2 செ.மீ. சதுரம். உள்ளே பருத்து வெளியே சிறுத்திருந்தால் இழுத்தாலும் உருவிக்கொண்டு வராது என்ற கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் ஈர மரம் காய்ந்தால் சுருங்கும், சுருங்கினால் ஆடும். தேக்குக்குப் பதில் மட்டமான மரத்தை வைத்தால் கரையான் தின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு திருகாணிக்காகச் சுவரில் ஒரு கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து நிற்கும்.

இந்தக் கடைசித் தொல்லைதான் 1910 வாக்கில் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் வந்தது. மின்சாதனங்களைச் சுவரில் பொருத்த வேண்டும், சுவரோ கொத்துப்படக் கூடாது, செய்த வேலை கண்ணில் உறுத்தவும் கூடாது. வேலையை எடுத்துக்கொண்டவர் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற ஒப்பந்தக்காரர். அவர் சணல் நாரை முறுக்கிச் சிறு குழாயாக்கி, பசையும் விலங்கின் இரத்தமும் ஊட்டி விறைக்க வைத்தார். மெல்லிய வட்டத் துளைக்குள் அந்தக் குழாய் போகும். திருகாணி அதற்குள் இறங்க இறங்க, நார் விரிந்து துளையின் பக்கங்களில் அழுந்தும். சதுரக் குழியும் வேண்டாம், சாந்தும் வேண்டாம், காயும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 1911இல் காப்புரிமை, அடுத்த ஆண்டில் வணிகப் பெயர். நம் எலக்ட்ரீஷியன் "நாலு ரால் எடு" என்று பையனிடம் கேட்கும்போது அவர் சொல்வது அந்த ராலிங்ஸின் பெயரில் பாதியை.

அந்நாளில் உலகத்துச் சணலெல்லாம் அநேகமாக வங்காளத்து வயல்களில் விளைந்ததுதான். லண்டன் அருங்காட்சியகச் சுவரைப் பிடித்துக்கொண்ட நாரும் அந்த வழியாகவே போயிருக்க வேண்டும். மதராஸ் வழியாகக் கப்பலேறிய அமராவதிச் சிற்பங்கள் அப்போது அதே கட்டடத்தில் இருந்தன. சிற்பங்களைப் பார்க்க இன்றும் கூட்டம் போகிறது, சணலைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை!

ராலிங்ஸின் நிறுவனம் பிறகு செய்த எல்லாமே மெச்சத்தக்கவை அல்ல. துளை சிதைந்து பெரிதாகிவிட்டால் அடைப்பதற்கென்று ஆஸ்பெஸ்டாஸ் கலந்த நார்க்கலவை ஒன்றையும் விற்றார்கள். நனைத்துப் பிசைந்து துளைக்குள் திணிக்க வேண்டும். அதைக் கையால் பிசைந்தவர்களின் நுரையீரலைப் பற்றி அன்று எவரும் கவலைப்படவில்லை.

துண்டு கிடைத்தாலும் துளை போடுவது லேசான வேலையாக இருக்கவில்லை. நட்சத்திர முனையுள்ள இரும்புக் கம்பியைச் சுவரில் வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு, கம்பியைக் கொஞ்சம் திருப்பு, மறுபடி ஒரு தட்டு. கையில் பிடித்து இயக்கும் மின்சார டிரில் 1895இல் ஸ்டுட்கார்ட்டின் ஃபைன் பட்டறையில் வந்துவிட்டது, ஆனால் சாதாரண எஃகு பிட் செங்கல்லில் சீக்கிரமே மழுங்கும். அதற்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பல்புக்குள் எரியும் டங்ஸ்டன் இழையை மெல்லிய கம்பியாக இழுக்க, ஓஸ்ராம் பல்பு நிறுவனத்துக்குத் தேயாத அச்சு வேண்டியிருந்தது. அந்த முயற்சியில் 1923இல் கார்ல் ஷ்ரோட்டர் டங்ஸ்டன் கார்பைடைக் கோபால்ட்டோடு சேர்த்துக் கெட்டிப்படுத்தினார். இன்று சுவர் துளைக்கும் பிட்டின் நுனியில் வேறு நிறத்தில் பதித்திருக்கும் சில்லு அதுதான். பிட்டைக் கடையில் வாங்கும்போது அந்தச் சில்லு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அடுத்த திருப்பத்துக்குக் காரணமானவரும் வெளிச்சத்தின் வழியாக வந்தவரே. ஆர்ட்டுர் ஃபிஷர், ஜெர்மனியின் டும்லிங்கன் என்ற சிற்றூரில் 1919இல் ஒரு தையற்காரருக்கு மகனாகப் பிறந்தவர். பூட்டு வேலை பழகியவர். போர் முடிந்து ஊர் திரும்பிச் சொந்தமாகப் பட்டறை வைத்தார். குழந்தையை வீட்டுக்குள் படமெடுக்க ஆசை, அன்றைய வெளிச்சமோ மெக்னீசியப் பொடியைக் கொளுத்துவது. 1949இல் கேமராவின் மூடி திறக்கும் கணத்தில் தானாக மின்னும் ஃபிளாஷைச் செய்தார். 1958இல் சாம்பல் நிற நைலான் பிளக். ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் இருக்கின்றன. ஒடிந்த எலும்பைப் பிணைக்கும் பிளக்கும் அவற்றில் உண்டு. 2016இல், 96 வயதில் காலமானார்.

அந்தச் சாம்பல் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்று தெரியும். வாய்ப்பக்கம் பிளவில்லாமல் முழுசாக இருக்கிறது. அந்தப் பகுதி விரியாது, அதனால் துளையின் விளிம்பில் பூச்சு வெடிக்காது. உட்பக்கம் இரண்டு கால்களாகப் பிளந்து, பல் வைத்திருக்கிறது. ஸ்க்ரூ உள்ளே போகும்போது கால்கள் அகன்று செங்கல்லை அழுத்தும். ஸ்க்ரூ திரும்பும்போது துண்டும் கூடவே சுற்றிவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் இரண்டு சிறு செதில்கள். சணல் செய்த வேலையேதான். ஆனால் நைலான் மட்காது, சுருங்காது, கரையானுக்கும் ஆகாது.

நம் ஊர்ச் சுவரில் இதன் அனுபவம் கலவையானது. பெரும்பாலும் குறை துண்டில் இருப்பதில்லை, துளையில்தான். டிரில் ஓடும்போது கொட்டும் பொடியைக் கவனித்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். முதல் அரை அங்குலம் வெளிறிய பொடி வரும், அது பூச்சு. பிறகு சிவப்பாகக் கொட்டினால் செங்கல், நல்ல இடம். சாம்பல் நிறத்திலேயே மெத்தென்று இறங்கிக்கொண்டிருந்தால் இரண்டு கல்லுக்கு நடுவே சாந்தில் போகிறது, சற்று மேலேயோ கீழேயோ தள்ளிப் போடலாம். சாம்பலாகவும் இருந்து, இறங்கவும் மறுத்தால் பில்லரோ பீமோ. சட்டென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக், அங்கே சாதாரண பிளக்கின் கால்கள் வெறும் காற்றைத்தான் அழுத்தும். ஏஏசி பிளாக்குக்கும் அதற்கென்று தனி பிளக் உண்டு.

எட்டு எம்எம் பிளக் என்றால் எட்டு எம்எம் பிட், நாலரை முதல் ஆறு எம்எம் வரை ஸ்க்ரூ. பிளக்கின் நீளம் நாற்பது எம்எம் என்றால் துளை இன்னும் ஒரு விரலகலம் ஆழமாக இருக்கட்டும், உள்ளே தங்கும் பொடிக்கு இடம் வேண்டும். அந்தப் பொடியையும் ஊதி எடுத்துவிடுவது நல்லது. டைல்ஸ் ஒட்டிய சுவரில் பிளக்கை டைல்ஸைத் தாண்டிச் செங்கல் வரை தள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஸ்க்ரூ இறுகும்போது டைல்ஸ் கீறும். டிவிக்கு மடக்கி இழுக்கும் கை வைத்த ஸ்டாண்டு மாட்டுகிறவர்கள் ஒன்று நினைவில் கொள்ளலாம்: எடை அதேதான், ஆனால் கையை நீட்டியதும் மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுப்பு பல மடங்காகிறது. கீழ் ஸ்க்ரூக்கள் அனேகமாகச் சும்மா இருக்கும். கீசர் போன்ற பாரத்துக்கு ரால் பிளக்கை நம்பவே வேண்டாம், ஆங்கர் போல்ட் போடச் சொல்லுங்கள். பதினைந்து லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே பதினைந்து கிலோ.

கடையில் கிடைப்பது எல்லாம் நைலானும் அல்ல. மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் வார்த்த மலிவான பிளக் முதல் நாள் நன்றாகவே பிடிக்கும். தொடர்ந்து அழுத்தம் தாங்கத் தாங்க அந்தப் பிளாஸ்டிக் மெல்ல நெகிழ்ந்து கொடுத்துவிடும், மாதங்கள் கழித்து அலமாரி முன்னால் சாயும். ஐம்பதாயிரத்துக்கு டிவி வாங்குகிற வீட்டில் பிளக்கில் சில ரூபாய் மிச்சம் பிடிப்பது எனக்கு விளங்காத சிக்கனம். துளை பெரிதாகிவிட்டால் தீக்குச்சியும் ஈர்க்குச்சியும் செருகுகிறோமே, அது பழைய மரக்கட்டை முறையின் நோஞ்சான் வாரிசு. நாள்காட்டிக்குப் போதும்.

வாடகை வீட்டில் குடியிருப்பவர் போகும்போது ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டு போவார், பிளக் அங்கேயே தங்கிவிடும். வெள்ளையடிப்பவர் மேலே பட்டி தேய்த்து மறைப்பார். பக்கத்திலேயே புதுத் துளை போடும் அடுத்த குடித்தனக்காரரின் பிட், பழைய பிளக்கில் சறுக்கிக்கொண்டு போகும். இப்படிப் புதைந்ததை நோண்டி எடுக்கக் கத்தியும் ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம், நோண்டினால் பூச்சுதான் பெயரும். அதே அளவு ஸ்க்ரூ ஒன்றை நாலைந்து சுற்று மட்டும் ஏற்றி, அதன் தலையைக் குறடால் பிடித்து நேராக இழுத்தால் பிளக் முழுசாக வந்துவிடும். துளை ஆறு எம்எம்மாக இருந்தது என்றால் எட்டு எம்எம் பிட்டால் திருத்திப் புதியதைச் செருகலாம். அசையவே இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பிடி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், புது ஸ்க்ரூவை அதிலேயே ஏற்றலாம்.