வீட்டிலேயே டி-சட்டை அச்சிடுகிறீர்களா? மை நிறத்தைக் கண்ணளவில் அல்ல, எடையில் கலக்குங்கள்

ஜொகூர் பாரு – தைப்பூசம், கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, குடும்ப ஒன்றுகூடல் என எதுவானாலும் ஒரே மாதிரியான டி-சட்டை இப்போது வழக்கமாகிவிட்டது. வீட்டின் பின்கட்டில் ஒரு மேசை, சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை, மையை இழுக்கும் ரப்பர் கட்டை ஆகியவை இருந்தால் இத்தகைய சிறு ஆர்டர்களை நாமே எடுத்துச் செய்யலாம்.

சிக்கல் பெரும்பாலும் இரண்டாவது ஆர்டரில்தான் வருகிறது. கோயில் நிர்வாகம் முதலில் 40 சட்டை கேட்கிறது. இரண்டு வாரம் கழித்து இன்னும் 15 வேண்டும் என்கிறது. அதே டப்பாக்களிலிருந்து கலந்தாலும் பழைய நீலமும் புதிய நீலமும் ஒத்துப்போவதில்லை. தொண்டர்கள் வரிசையாக நிற்கும்போது அந்த வேறுபாடு பளிச்செனத் தெரியும். 15 சட்டையின் துணிச்செலவும் நம் கையை விட்டுப் போகும். இதைத் தவிர்க்க உதவுவது ஒரு சிறிய டிஜிட்டல் தராசும் ஒரு குறிப்பேடும்தான்.

எந்த மை வீட்டுக்கு ஏற்றது?

துணி அச்சு மையில் இரண்டு வகை பரவலாகப் பயன்படுகிறது. பிளாஸ்டிசால் மை அறை வெப்பத்தில் காயாது. ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸ் வெப்பம் மையின் அடிவரை சென்றால்தான் அது இறுகும். அதைக் கழுவுவதற்குத் தனிக் கரைப்பானும் தேவை. நீர் சார்ந்த மையை ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் கழுவிவிடலாம். எனவே வீட்டில் தொடங்குவோருக்கு இதுவே வசதி.

நீர் சார்ந்த மையில் இரண்டு பகுதிகள் உண்டு. பால்போன்ற பசையான பைண்டர் ஒன்று, அடர்த்தியான நிறமி மற்றொன்று. நிறமியைத் துணியோடு பிடித்து வைப்பது பைண்டர்தான். நிறம் பளிச்சென்று வரட்டும் என்று நிறமியை அள்ளிப் போட்டால், பைண்டரால் அத்தனையையும் பிடித்து வைக்க முடியாது. துவைக்கும்போது மிச்சம் கழன்று வரும். பொதுவாக 100 கிராம் பைண்டருக்கு 10 கிராமுக்கு மேல் நிறமி போடாமல் இருப்பது நல்லது. டப்பாவில் அதைவிடக் குறைந்த அளவு குறிக்கப்பட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

நிறம் பிறக்கும் விதம்

மஞ்சள், மெஜந்தா எனப்படும் ரோஜா சிவப்பு, பச்சை கலந்த நீலம், கறுப்பு, வெள்ளை ஆகிய ஐந்தும் இருந்தால் பெரும்பாலான நிறங்களைக் கலக்கலாம். மஞ்சளுடன் நீலம் சேர்ந்தால் பச்சை. மஞ்சளுடன் சிறிது மெஜந்தா சேர்ந்தால் ஆரஞ்சு. மெஜந்தாவுடன் நீலம் சேர்ந்தால் ஊதா. மஞ்சள் சாயல் கொண்ட சாதாரண சிவப்புடன் நீலத்தைக் கலந்தால் ஊதாவுக்குப் பதில் மங்கிய பழுப்பு கிடைக்கும்.

எப்போதும் வெளிர் நிறத்தை முதலில் எடுத்து, அடர் நிறத்தைத் துளித் துளியாகச் சேர்க்க வேண்டும். மஞ்சளைப் பச்சையாக்கச் சிறிது நீலமே போதும். நீலத்தைப் பச்சையாக்க மஞ்சள் கிண்ணம் கிண்ணமாகக் கரையும். கறுப்பிலும் இதே எச்சரிக்கை தேவை. மூன்று நிறமிகளுக்கு மேல் கலந்தால் நிறம் சேறாகும் வாய்ப்பு அதிகம்.

துணியின் நிறமும் கலவையில் ஒன்று

சாதாரண நீர் சார்ந்த மை ஒளி ஊடுருவக்கூடியது. வெள்ளைத் துணியில் நன்றாகத் தெரியும் நீலம், தைப்பூசத்துக்கான மஞ்சள் சட்டையில் பச்சையாக மாறும். ஆகவே வெள்ளைத் துணியில் சோதித்துவிட்டு மஞ்சள் சட்டையில் அச்சிடக் கூடாது.

கறுப்பு, கருநீலச் சட்டைகளில் சாதாரண மை மறைந்தே போகும். அவற்றுக்கு ஒளி ஊடுருவாத வெள்ளை மையை முதலில் அடித்து, அது காய்ந்தபின் நிறத்தை ஏற்ற வேண்டும். பாலியெஸ்டர் ஜெர்சியில் இன்னொரு தொல்லை உண்டு. வெப்பம் பட்டதும் துணியின் சாயம் மைக்குள் ஏறும். சிவப்பு ஜெர்சியில் அடித்த வெள்ளை எழுத்து பிறகு இளஞ்சிவப்பாவது இதனால்தான். புதிதாகத் தொடங்குவோர் பருத்தியில் பழகுவது நல்லது.

எடைபோட்டுக் கலக்கும் முறை

அச்சுத் தொழில் இந்தப் பாடத்தை எப்போதோ கற்றுக்கொண்டது. 1963-இல் அறிமுகமான பான்டோன் நிற முறை, ஒவ்வொரு நிறத்துக்கும் எந்த அடிப்படை மை எத்தனை பங்கு என்று குறித்து வைத்தது. எந்த ஊரில் கலந்தாலும் ஒரே நிறம் கிடைக்க அதுவே வழி. வீட்டிலும் அதையே சிறிய அளவில் செய்யலாம்:

1. 0.1 கிராம் வரை காட்டும் தராசில் காலிக் கிண்ணத்தை வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள்.
2. 100 கிராம் பைண்டர் எடுங்கள். நிறமியைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் எடையை உடனே எழுதுங்கள்.
3. அடியும் ஓரமும் ஒன்றாகும்வரை கலக்குங்கள்.
4. சட்டையின் அதே துணித் துண்டில், அதே வலையால் அச்சிட்டுக் காய வையுங்கள். ஈரத்தில் பால்போல் இருக்கும் பைண்டர் காய்ந்ததும் தெளிவாகிவிடுவதால் நிறம் அடர்ந்து தெரியும். ஈர மையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.
5. வாடிக்கையாளரிடம் காட்டுவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வீட்டு விளக்கின் கீழ் நிறம் வேறாகத் தெரியலாம்.

ஆர்டருக்கு எவ்வளவு மை வேண்டும் என்பதையும் தராசே சொல்லும். கிண்ணத்தை எடைபோட்டு, ஐந்து சட்டை அச்சிட்டபின் வலையில் மிஞ்சிய மையை வழித்துப் போட்டு மீண்டும் எடைபோடுங்கள். குறைந்ததை ஐந்தால் வகுத்தால் ஒரு சட்டைக்கான அளவு கிடைக்கும். மொத்தத் தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே ஒரே தடவையில் கலந்து, இறுக மூடி வையுங்கள். ஃபிக்ஸர் சேர்க்கும் மையாக இருந்தால், அன்றைக்குத் தேவையான பங்கில் மட்டும் ஃபிக்ஸரைச் சேர்க்க வேண்டும். சேர்த்த மையை அதிக நாள் வைத்திருக்க முடியாது.

காய வைப்பதும் கழுவுவதும்

அச்சிடும்போது மின்விசிறிக் காற்று வலைமீது படக் கூடாது. மை கண்ணிகளில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அச்சிட்ட சட்டை தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபின், மேலே பேக்கிங் தாளை விரித்து, நீராவி இல்லாமல் பருத்திக்கான சூட்டில் இஸ்திரி போடுங்கள். பெட்டியை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை நிமிடம் என்பதற்கு டப்பாவில் உள்ள குறிப்பே வழிகாட்டி. பிறகு ஈரமான வெள்ளைத் துணியால் தேயுங்கள். நிறம் ஒட்டினால் சூடு போதவில்லை என்று பொருள். ஒரு சட்டையையாவது சில முறை துவைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைக் கொடுங்கள்.

வலையைக் கழுவுமுன் மிஞ்சிய மையை வழித்தெடுத்து டப்பாவில் சேருங்கள். வீணான மையைப் பழைய தாளில் காய வைத்துக் குப்பையில் போடலாம். வீட்டோரக் கால்வாய் ஆற்றில்தான் போய்ச் சேர்கிறது, அதில் மையைக் கொட்ட வேண்டாம்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, துணி, வலை, நிறமிகளின் எடை ஆகியவற்றை எழுதி, காய்ந்த மாதிரித் துண்டு ஒன்றையும் ஒட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே கோயில் அதே நீலத்தைக் கேட்டாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்தே கலந்துவிடலாம்.