சன்மைக்கா துண்டில் செய்த ஆம்ப்ளிஃபையர் பெட்டி

1979-ல் எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்குப் புதுக் கவுண்ட்டர் போட்டார்கள். மேல்பலகையில் ஒட்டியது போக மிஞ்சிய சன்மைக்காத் துண்டுகளை ஆசாரி எனக்குக் கொடுத்தார். தேவை எனக்கு அவசரமாக இருந்தது. அதற்கு முந்தின வாரம்தான், நான் பிஸ்கட் டின்னுக்குள் கட்டியிருந்த ஆம்ப்ளிஃபையரைத் தொட்ட என் தம்பியை மின்சாரம் தூக்கி எறிந்தது. மெயின்ஸ் ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போடாமல் விட்டது என் தப்பு. தகரத்தில் உராய்ந்து ஒயரின் தோல் போய்விட்டது. எர்த்தும் கொடுக்கவில்லை. "அந்த டின் இனி வீட்டுக்குள் வரக்கூடாது" என்றாள் அம்மா.

பள்ளியில் பிரெஞ்சுப் பாடம் படித்தபோது, பாரிஸ் வீட்டுச் சமையலறை என்றாலே ஃபோர்மிகா மேசைதான். லத்தீனில் ஃபோர்மிகா என்றால் எறும்பு. எறும்புக்கும் மேசைக்கும் என்ன உறவு என்று வெகுநாள் குழம்பியிருக்கிறேன். ஓர் உறவும் இல்லை. அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஓகானர், ஃபேபர் என்ற இருவர், மின்சாரச் சாதனங்களில் காப்புப் பொருளாக இருந்த மைக்காவுக்கு, அதாவது நம் காக்காப்பொன்னுக்கு, மாற்று ஒன்றைக் கண்டார்கள். மைக்காவுக்குப் பதில் என்பதை ஆங்கிலத்தில் சொன்னால் 'ஃபார் மைக்கா'. அதுவே பெயரானது. 1913-ல் சின்சினாட்டியில் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். ரேடியோ காலத்தில் அதன் பாகங்களுக்கும் இந்தத் தகடு போனது. பூப்போட்ட மேசைத் தகடாக அது மாறியதெல்லாம் பிற்பாடுதான். சன்மைக்காவைத் திருப்பிப் பாருங்கள்: பிசினில் தோய்த்து அழுத்திய பழுப்புக் காகிதம், நம் சுவிட்ச் போர்டு ஹைலம் ஷீட்டின் அதே சாதி.

ஆக, கடைக் கவுண்ட்டரில் மிஞ்சியதை நான் அதன் பிறந்த வீட்டுக்கே அழைத்துப் போனேன். பிளைவுட் பெட்டி செய்து, ஃபெவிகால் தடவி, மேலே செங்கல் அடுக்கி ஓர் இரவு விட்டேன். இரண்டு 2N3055 டிரான்சிஸ்டர்களும் பின்பக்க அலுமினிய ஹீட் சிங்கில் உட்கார்ந்தன. அவற்றின் உலோக உடம்பிலேயே மின்சாரம் ஓடும் என்பதால் அடியில் மைக்கா வில்லை, சிலிக்கான் பசை. ஒரே பெட்டியில் அசலும் மாற்றும்!

போட்டதும் 'ங்ங்ங்' என்று ஒரே இரைச்சல். தகர டின் செய்துவந்த ஒரு நல்ல காரியம் அப்போதுதான் தெரிந்தது. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலை அது தடுத்துக்கொண்டிருந்தது, மரம் தடுக்காது. தேயிலைப் பெட்டியில் வரும் அலுமினியத் தாளை உள்பக்கம் ஒட்டி, திருகு வைத்து இறுக்கி எர்த்தில் சேர்த்தேன். பிளக்கும் மூன்று கால் பிளக்காக மாறியது. இரைச்சல் அடங்கியது.

தம்பி கிட்டவே வரவில்லை. அம்மாதான் வந்து, பெட்டியின் நான்கு பக்கமும் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, பாட்டைப் போடு" என்றாள்.