பழனி மலையில் மூன்று தலைமுறை

ஒரு தலைமுறை மற்றொரு தலைமுறையைக் குறை கூறுவது உலகத்துக்குப் புதிதன்று. 'இக்காலப் பிள்ளைகளுக்கு எதிலும் அச்சமில்லை' என்பர் முதியோர். 'இவர்களுக்கு எதற்கெடுத்தாலும் அச்சம்' என்பர் இளையோர். உண்மையில் இரு சாராரும் அஞ்சுகின்றனர். அஞ்சும் பொருள்தான் வேறு. இதனை எனக்குக் கற்பித்தது, நான் பிறந்து வளர்ந்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற பழனி மலைப் பகுதியே.

என் பாட்டனார் பொதிமாடுகளில் மலைப்பூண்டை ஏற்றிக்கொண்டு பழனிக்கு இறங்கி வருவார். எத்துணை அவசரமாயினும் அடிவாரக் காட்டில் இரவு தங்கமாட்டார். அவர் அஞ்சியது புலிக்கு அன்று, காய்ச்சலுக்கு. அவ்வச்சம் அவர் ஒருவருக்கே உரியதன்று. மதுரைப் பக்கத்தில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியதற்கும் அதுவே காரணம். சமவெளியின் காய்ச்சலும் வாந்திபேதியும் அவர்களுடைய குடும்பங்களை வாட்டியிருந்தன. தாழ்ந்த நிலத்தின் கெட்ட காற்றே காய்ச்சலைத் தருகிறது என்பது அக்கால மருத்துவக் கொள்கை. மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தது 1897இல்தான். ஆகவே அதற்கு முன்னிருந்தோர்க்கு உயரமே மருந்தாயிற்று. இன்று நாம் இன்பச் சுற்றுலாவுக்குச் செல்லும் ஊர், அச்சத்தினால் பிறந்த ஊர்.

என் தந்தையார் காலத்தில் நிலைமை மாறியது. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீட்டுச் சுவர்களிலெல்லாம் டி.டி.டி. மருந்து தெளிக்கப்பட்டது. பாட்டனார் அஞ்சிய காய்ச்சல், தந்தையார்க்குப் பழங்கதையாயிற்று. ஆனால் அச்சம் போகவில்லை, இடம் மாறிற்று. விடுதலை பெற்ற நாட்டில் விறகு போதுமா, ஆலைகளுக்கு மூலப்பொருள் கிடைக்குமா என்பதே புதிய கவலை. 1950இல் கே. எம். முன்ஷி தொடங்கிய வன மகோற்சவம் மரம் நடுதலை நாட்டுப் பணியாக்கியது. பழனி மலையின் உச்சிப் புல்வெளிகளில் தைல மரமும், தோல் பதனிடப் பட்டை தரும் சீகை மரமும், பைன் மரமும் வரிசை வரிசையாக எழுந்தன.

அந்தக் கவலையைப் பாலோடு பருகி வளர்ந்தவன் நான். 1985ஆம் ஆண்டு, இளம் ஆசிரியனாக மேல்மலைச் சிற்றூர் ஒன்றில் பணியாற்றியபோது, மாணவர்களை அழைத்துச் சென்று, பள்ளிக்கு மேலிருந்த சரிவில் சீகை, தைல மரக் கன்றுகளை நட்டேன். 'மரம் நடுபவன் மக்களுக்கு வாழ்வு நடுகிறான்' என்று அன்று சொற்பொழிவும் ஆற்றினேன். என் பணிக்காலத்தில் நான் மிகவும் பெருமைப்பட்ட செயல் அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் அதே சரிவுக்குச் சென்று, சீகை நாற்றுகளை வேரோடு பிடுங்கிவிட்டு வந்தாள். கைகளில் மண். நான் முகம் சுளித்ததைக் கண்டு, "அப்பா, நீங்கள் நடுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது?" என்று கேட்டாள்.

"புல்தான் இருந்தது, அம்மா" என்றேன்.

இலக்கணம் கற்பித்தவன் நான். அந்தத் 'தான்' என்னும் இடைச்சொல்லில் என் தலைமுறையின் மதிப்பீடு முழுவதும் அடங்கியிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். புல்வெளியை நாங்கள் தரிசு என்று எண்ணினோம். அதுவோ மழைநீரைத் தாங்கி, மெல்ல மெல்ல ஓடைகளுக்கு விடுவது. குறிஞ்சி பூக்கும் நிலம். பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு, 1973க்கும் 2014க்கும் இடையே மறைந்துவிட்டதென 2018இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. மரமில்லாத மலைக்கு நான் அஞ்சினேன். நீரில்லாத மலைக்கு அவள் அஞ்சுகிறாள். ஒரு தலைமுறையின் மருந்தே அடுத்த தலைமுறையின் நோயாகிவிட்டது.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் உழைப்பு பழுதாயிற்றே என்னும் வருத்தம் ஒருபுறம். அவள் சொல்வது மெய் என்னும் அறிவு மறுபுறம். மறுவாரம் அவளோடு நானும் சென்றேன். நான் நட்டதை நானே பிடுங்கினேன். சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். ஆகவே இது ஒரு நாளில் முடியும் பணியன்று.

ஆனால் அந்தச் சரிவில் வேறொன்றும் கண்டேன். பழைய சீகைத் தோப்பின் நிழலில், எவரும் நடாத சோலைமரக் கன்றுகள் தாமாக முளைத்திருந்தன. தோப்பு முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டினால் அவையும் அழியும். "இவற்றைப் பார்த்தாயா?" என்றேன். "பார்த்தேன் அப்பா. அதனால்தான் திறந்த புல்வெளியில் புதிதாகப் பரவுவதை மட்டும் பிடுங்குகிறோம்" என்றாள். என்னைவிட அவள் நிதானமாகச் சிந்தித்திருந்தாள்.

குறிஞ்சி 2018இல் பூத்தது. மீண்டும் 2030இல் பூக்க வேண்டும். அந்தச் சரிவில் அதனைக் காண வேண்டும் என்பது அவள் ஆசை. இப்போது என் ஆசையும் அதுவே.

திரும்பி வரும் வழியில் நானும் ஒரு கேள்வி கேட்டேன்: "என் தலைமுறை 'புல்தான்' என்றது. உன் தலைமுறை எதனைத் 'தான்' என்று சொல்லித் தள்ளுகிறது?" அவள் நெடுநேரம் விடை கூறவில்லை. நேயர்களே, அவ்விடையை அவளுடைய பிள்ளைகள்தாம் கூறுவார்கள். அவர்கள் கூறும்போது முகம் சுளிக்காமல் கேட்கும் பக்குவம் ஒன்றே, ஒரு தலைமுறை மற்றொன்றுக்கு விட்டுச் செல்லத்தக்க செல்வம்.