நாட்டாலம் முதல் வடக்கன்குளம் வரை

குமரி மாவட்டத்தில் நட்டாலம் என்றும் நாட்டாலம் என்றும் எழுதப்படும் சிற்றூரிலிருந்து நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம் வரை அதிகத் தொலைவில்லை. காலையில் வண்டியெடுத்தால் மாலைக்குள் எல்லா இடங்களையும் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். தேவசகாயத்திற்கு 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் அளிக்கப்பட்ட பிறகு இந்த வழித்தடத்தில் வேன்களும் பேருந்துகளும் பெருகியிருக்கின்றன. இந்தியப் பொதுநிலையினருள், அதாவது குருவோ துறவியோ அல்லாதவருள், அந்தப் பட்டம் பெற்ற முதல் மனிதர் அவர். நாங்கள் நால்வர் சென்றோம். இருவர் விசுவாசிகள், ஒருவர் நாத்திகர். நான்காமவனாகிய நான் வரலாறு படிப்பவன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

நாட்டாலத்தில் பார்க்க அதிகமில்லை. 1712 ஏப்ரல் 23 அன்று நீலகண்டன் பிறந்த ஊர். தந்தை காயங்குளத்திலிருந்து வந்த நம்பூதிரி, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலோடு தொடர்புடையவர். தாய் நாயர் குலத்தவர். வளர்ந்த நீலகண்டன் பத்மநாபபுரத்தில் அரண்மனைப் பணியில் சேர்ந்தார். மார்த்தாண்ட வர்மா சிற்றரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கி நவீன திருவிதாங்கூரைக் கட்டியெழுப்பிய காலம் அது. அந்த மன்னரின் அரண்மனை ஊழியர் என்பது சிறிய அந்தஸ்து அல்ல. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இதை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும்.

தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சியில் இரண்டு இடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. யாத்திரிகர்கள் போவது முட்டிடிச்சான் பாறைக்கு. வரலாற்றார்வலர்கள் போவது உதயகிரிக் கோட்டைக்கு. இரண்டையும் பார்க்கிறவர் குறைவு. நாங்கள் கோட்டைக்கு முதலில் போனோம்.

கோட்டைக்குள் மரங்களுக்கிடையே, கூரையிழந்த சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்றபோது மார்த்தாண்ட வர்மாவிடம் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் யூஸ்டேக்கியஸ் டிலனாய். மன்னர் அவரைக் கொல்லவில்லை. தம் படையை ஐரோப்பிய முறையில் பழக்கச் சொன்னார். படிப்படியாக உயர்ந்து 'வலிய கப்பித்தான்' ஆனார். 1777இல் இறக்கும்வரை திருவிதாங்கூருக்கே உழைத்தார். கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. களக்காட்டுப் போரில் மாண்ட மகனும் மனைவியும் அருகிலேயே உறங்குகிறார்கள். டச்சுக் கம்பெனி புராட்டஸ்டண்டுகளுடையது; ஆனால் டிலனாய் கத்தோலிக்கர். கோட்டை வேலையின்போது அவரோடு பழகிய நீலகண்டன், தம் குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த துன்பங்களைச் சொல்லி வருந்தியதாகவும், டிலனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னதாகவும் மரபு. எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதை ஒரு கோட்டைக் கட்டுமானத்தின் புழுதிக்கிடையே, அநேகமாக அரைகுறை மலையாளத்திலோ தமிழிலோ, சொல்லப்பட்டதை எண்ணிப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

நீலகண்டன் 1745 மே மாதம், திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்திற்குச் சென்று, இயேசு சபைக் குரு புத்தாரியிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரின் எபிரேய மூலத்திற்குக் கடவுளின் உதவி என்று பொருள். அதுவே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. அவர் மனைவி பார்கவி அம்மாள் தெரேஸ் என்ற பெயரில், ஞானப்பூ அம்மாள் ஆனார். 1749 பிப்ரவரியில் கைது. ஏறத்தாழ மூன்றாண்டுச் சிறை. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இங்கேதான் விவாதம் தொடங்குகிறது. திருவிதாங்கூர் வரலாற்றை எழுதியவர்கள் சிலர், மதம் மாறியதற்காக மார்த்தாண்ட வர்மா எவரையும் கொன்றதற்கு ஆதாரமில்லை என்கிறார்கள். அரச ரகசியங்களை வெளியிட்ட குற்றமே காரணம் என்பது அவர்கள் வாதம். திருச்சபையின் தரப்போ 1756இல் கொச்சி ஆயர் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையைச் சுட்டுகிறது. கொலை நடந்து ஐந்தாண்டுகளுக்குள் எழுதப்பட்ட ஆவணம் என்ற முறையில் அதை எளிதில் ஒதுக்க முடியாது. எனக்கு இருதரப்புமே கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை என்று தோன்றுகிறது. திருவிதாங்கூர்க் கடற்கரையில் அப்போதே ஆயிரக்கணக்கில் முக்குவரும் பரவரும் கத்தோலிக்கர்களாக இருந்தார்கள். அரசரின் படைத்தலைவரே கத்தோலிக்கர். அவர்கள் எவரையும் யாரும் தொடவில்லை. அப்படியானால் கிறித்தவம் குற்றமல்ல. அரண்மனைச் சோற்றை உண்ட மேற்குலத்தவர் ஒருவர் தம் குலத்தின் ஆசாரத்தை விட்டு இறங்கி, தீண்டத்தகாதோருடன் சரிசமமாகப் பழகினார் என்பதே பொறுக்க முடியாததாக இருந்திருக்கும். தண்டனையின் வடிவமும் இதையே காட்டுகிறது. எருக்கம்பூ மாலை சூட்டி, எருமைமீது பின்னோக்கி உட்காரவைத்து, ஊரூராகக் கொண்டு சென்றார்கள் என்கிறது மரபு. உளவாளியை யாரும் இப்படி நடத்துவதில்லை. அவனை ஓசையின்றி முடித்துவிடுவார்கள். தேவசகாயத்துக்குக் கிடைத்ததோ, சாதியிலிருந்து ஒருவரை ஊரறிய இறக்கும் சடங்கு.

முட்டிடிச்சான் பாறையில், தாகத்தால் தவித்த அவர் முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்ததாக நம்பிக்கை. வயதான அம்மாள் ஒருவர் பிளாஸ்டிக் போத்தலில் அந்நீரை நிரப்பிக்கொண்டிருந்தார். எங்கள் நாத்திக நண்பர் எட்ட நின்றதைப் பார்த்து, "குடிச்சுப் பாரு மக்கா, தண்ணிதானே" என்றார். நண்பர் மறுபேச்சில்லாமல் குடித்தார்.

பெருவிளையில் அவரை வேப்பமரத்தில் கட்டிவைத்து மாதக்கணக்கில் வதைத்தார்கள். நாகர்கோவிலைச் சேர்ந்த கோட்டாறு சவேரியார் பேராலயத்தில், பீடத்தின் முன் அவர் கல்லறை. காட்டில் எறியப்பட்ட உடலின் எச்சங்களைச் சில நாட்களுக்குப் பின் கிறித்தவர்கள் சேகரித்து இங்கே கொணர்ந்தார்கள். 1544 வாக்கில் பிரான்சிஸ் சவேரியார் வந்த ஊர் இது; டிசம்பர் 3 திருவிழாவுக்கு மாவட்டமே திரள்கிறது. 2012 டிசம்பர் 2 அன்று முத்திப்பேறு பெற்றவர் என்ற அறிவிப்பும் நாகர்கோவிலில்தான் நடந்தது. முன்பு வேதசாட்சி என்றவர்கள் இப்போது மறைசாட்சி என்கிறார்கள். பழைய சொல்லில்தான் ரத்தத்தின் வாடை இருந்ததாக எனக்கு எண்ணம்.

அவர் கதையைச் சாதாரண மக்கள் நெடுங்காலம் நாடகமாக ஆடினார்கள். யாழ்ப்பாணக் கத்தோலிக்கக் கூத்து மரபிலும் தேவசகாயம்பிள்ளை உண்டு. ரோம் அவரை ஏற்பதற்கு வெகுகாலம் முன்பே கூத்துக்காரர்கள் அவரைப் புனிதராக்கிவிட்டார்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வண்டியைத் தள்ளியது. இருபுறமும் காற்றாலைகள். காற்றாடிமலை என்ற பெயர் இவற்றுக்கு மிகவும் முந்தியது என்பதை ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மலைமீது அவர் முழந்தாளிட்ட தடம் என்று ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். தட்டினால் மணியோசை தரும் பாறையொன்றும் உண்டு. குழந்தைகள் அதை விடாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஓசை தெளிவாகவே கேட்டது.

கடைசியாக வடக்கன்குளம். இந்தப் பயணத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்த ஊர் இதுதான்.

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்று நூற்றிருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1872இல், அதே ஊரில் ஒரு கோயில் எழுந்தது. மேலிருந்து பார்த்தால் கால்சட்டை போன்ற வடிவம். ஒரு பீடம், அதிலிருந்து பிரிந்து செல்லும் இரண்டு நீண்ட கூடங்கள். ஒன்று வேளாளருக்கு, மற்றது நாடார்களுக்கும் பிறருக்கும். இரு கூடத்தாரும் குருவானவரைப் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. கட்டடக்கலையில் இவ்வளவு துல்லியமாகச் சாதியை வரைந்துகாட்டிய இன்னொரு கட்டடத்தை நான் அறியேன். பிரிக்கும் தடுப்புகளை 1910இல் குருக்கள் அகற்றினார்கள். வேளாளர் தரப்பு வழக்குத் தொடுத்தது. அது சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று, கோயிலுக்குள் சாதிப்படி தனியிடம் கோர உரிமையில்லை என்று முடிந்தது. சுவரைக் கட்டியதும் திருச்சபை, இடித்ததும் திருச்சபை என்பதை இரு பக்கமும் மறக்காமல் எழுத வேண்டும்.

விவகாரம் அங்கே முடியவில்லை. புனிதர் பட்ட நடவடிக்கையின்போது வத்திக்கான் ஆவணங்களில் அவர் 'தேவசகாயம் பிள்ளை' என்றே குறிப்பிடப்பட்டார். ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி ஒருவர், சாதியைத் துறந்து இறந்தவரின் பெயரோடு சாதியை ஒட்டவைப்பதா என்று கேட்டுக் கடிதங்கள் எழுதினார். 'பிள்ளை' சாதிப்பெயரல்ல, திருவிதாங்கூரில் அரசு ஊழியர்க்கு வழங்கிய பட்டமென்று எதிர்வாதமும் வந்தது. அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் எல்லா ஊழியருக்கும் அந்தப் பட்டம் கிடைத்ததா என்ற கேள்வியை அந்த வாதம் கேட்டுக்கொள்வதில்லை. இறுதியில் அப்பின்னொட்டு நீக்கப்பட்டது. ரோமில் வாசிக்கப்பட்ட பெயரில் 'பிள்ளை' இல்லை.

ஞானப்பூ அம்மாளின் கல்லறை வடக்கன்குளத்தில் இருக்கிறது. கணவர் கொல்லப்பட்டபின் திருவிதாங்கூரை விட்டு இங்கு வந்து, பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து, 1766இல் இறந்தார். அவர் எப்படிப் பிழைத்தார், யார் சோறிட்டார்கள், எந்தத் தெருவில் இருந்தார் என்பதையெல்லாம் யாத்திரைக் கையேடுகள் சொல்வதில்லை. நாங்கள் சென்றபோது அங்கே வேறு யாருமில்லை. எங்களுக்கு முன் வந்தவர் யாரோ ஏற்றிவைத்த மெழுகுதிரி ஒன்று காற்றில் அணைந்திருந்தது. நண்பர், எங்களுள் நம்பிக்கையற்றவர், சட்டைப்பையில் தீப்பெட்டி தேடினார். மூன்றாவது குச்சியில் பற்றிக்கொண்டது.