இரு சில்லு உழவு இயந்திரத்தை வீட்டு வளவில் உயர்த்துதல்

இரு சில்லு உழவு இயந்திரம் என்பது ஒற்றை உருளை டீசல் இயந்திரத்தால் ஓடி, பின்னால் வருபவரின் கைப்பிடிக்குக் கட்டுப்படும் சிறு உழவு வாகனம் ஆகும். 1950களில் ரே விஜேவர்தன இலங்கையில் பரப்பிய பிரித்தானியத் தயாரிப்பின் பெயரால் இது ‘லான்ட்மாஸ்ரர்’ என்று வழங்கலாயிற்று. பின்னர் வந்த யப்பானிய, சீன இயந்திரங்களுக்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இது தோட்டத்தையும் வயலையும் உழுவதோடு, ‘பெட்டி’ எனப்படும் இழுவையைப் பூட்டியதும் எரு, மணல், விறகு, மரக்கறி மூட்டை ஆகியவற்றை ஏற்றும் வண்டியாகவும் மாறுகிறது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது அவர்களது பொருள்களையும் முதியோரையும் சுமந்து சென்ற வாகனங்களுள் இதுவும் ஒன்று. மேலைநாட்டுப் பண்ணைகளில் நான்கு சில்லு ‘அனைத்துத் தரை வாகனம்’ செய்யும் வேலைகளுட் பலவற்றை இங்கு இதுவே செய்கிறது. இரண்டுக்கும் பொதுவான ஆபத்து ஒன்றுண்டு: ஒருவர் தனியாகப் புரட்டிவிடலாம் என்று எண்ணத்தக்க சிறிய உருவமும், மனித உடலை நசுக்கப் போதுமான எடையும் அவற்றில் ஒருங்கே அமைந்துள்ளன. சுழல்கலப்பை பூட்டிய இயந்திரம் ஏறத்தாழ 350 முதல் 500 கிலோகிராம் வரை எடையுடையது.

இயந்திரத்தை உயர்த்த வேண்டிய தேவை பெரும்பாலும் சில்லைச் சார்ந்தே எழுகிறது. ரயரில் முள் ஏறுதல், அச்சின் முனையில் ஒயில் கசிதல், சில்லுகளுக்கிடையிலான அகலத்தை மாற்றுதல், சேற்று வயலில் இறங்குவதற்காக ரயர்ச் சில்லைக் கழற்றி இரும்புச் சில்லைப் பூட்டுதல் ஆகியவற்றை உரிமையாளர்கள் பலர் வளவிலேயே செய்துகொள்கின்றனர். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருளும் உதிரிப்பாகமும் அரிதாகி, பழைய பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த குடாநாட்டு மக்களுக்குத் தம் கையாலேயே திருத்தும் பழக்கம் புதிதன்று. அந்தத் திறமைக்கு ஈடாக நல்ல தாங்கிகள் வீடுகளில் இருப்பதில்லை என்பதே கவலைக்குரியது.

உயர்த்தும் வேலையில் முதலில் ஆராயப்பட வேண்டியது தரை. குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லால் ஆனது என்றாலும், ‘ஜக்’ எனப்படும் உயர்த்தி நிற்பது அதன் மேலுள்ள மண்ணிலேயாம். வலிகாமத்தின் செம்மண் கோடையில் இறுகி உறுதியாகத் தோன்றினாலும், வடகீழ்ப் பருவமழை நனைத்தபின் அதே முற்றம் இளகிவிடுகிறது. வடமராட்சி கிழக்கின் மணலோ எக்காலத்திலும் பாரத்தின் கீழ் பக்கவாட்டில் விலகும் இயல்புடையது. 400 கிலோகிராம் இயந்திரத்தின் ஒரு பக்கத்தை உயர்த்தும்போது ஏறத்தாழ 200 கிலோகிராம் ஜக்கின் மீது இறங்குகிறது. ஜக்கின் அடிப்பகுதி 10 சென்ரிமீற்றர் சதுரமாயின், மண்ணின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரும் 2 கிலோகிராம் தாங்க வேண்டும். அதன் கீழ் 40 சென்ரிமீற்றர் சதுரமான தடித்த பலகையை இட்டால் அந்த அழுத்தம் பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. மணல் வளவில் பலகையின்றி உயர்த்தப்பட்ட ஜக் நேராகக் கீழே இறங்குவதில்லை. ஒரு பக்கமாகச் சரிந்து, இயந்திரத்தையும் அப்பக்கமே தள்ளுகிறது. ஆகையால் சீமெந்துத் தரை இல்லாத இடத்தில் பலகை இன்றியமையாதது.

அடுத்து வருவது தாங்கி. ஜக் உயர்த்துவதற்கு உரிய கருவியே தவிரத் தாங்குவதற்கு உரியதன்று: போத்தல் ஜக்கினுள் எண்ணெயை அடைத்து வைத்திருக்கும் இறப்பர் வளையம் தேய்ந்தால் அது மெல்லத் தாழும், சில வேளைகளில் ஒரேயடியாகவும் இறங்கும். உயர்த்தியவுடன் பற்சக்கரப் பெட்டியின் கீழோ அச்சுக்குழலின் கீழோ இரும்புத் தாங்கியை வைத்து, பாரத்தை அதன்மேல் இறக்கிய பின்னரே சில்லில் கை வைக்க வேண்டும். இரும்புத் தாங்கிக்குப் பதிலாக வளவில் எளிதிற் கிடைப்பவை சீமெந்துக் கல்லும் பனங்குற்றியும். உட்பொள்ளலான சீமெந்துக் கல், பாரம் ஒரு புள்ளியில் விழுந்தால் முன்னறிவிப்பின்றி நொறுங்கிவிடுவதால் அதை அறவே தவிர்க்க வேண்டும். பனையின் வலிமை அதன் வெளிவயிரத்தில் இருக்கிறது. நடுப்பகுதி சோறு போல் மென்மையானது. எனவே நிறுத்திவைத்த குற்றியின் நடுவில் அச்சு அமர்ந்தால் அது உள்ளே புதையும், கிடத்திய குற்றியோ உருளும். சதுரமாக அறுத்த வயிரமான கட்டைகளை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கிய அடுக்கே மரத்தால் அமைக்கக்கூடிய நம்பத்தக்க தாங்கி. புகையிரதச் சிலிப்பர் கட்டைகள் இதற்கு மிகப் பொருத்தமானவை. ஆயினும் வடபகுதிச் சேவை 1990இல் நின்றபின், 2014இல் யாழ்ப்பாணம் வரை மீளத் தொடங்கும்வரையான இடைக்காலத்தில், பாதையின் தண்டவாளங்களும் கட்டைகளும் பெரும்பாலும் பதுங்குகுழிகளுக்கே போய்விட்டன.

வேலையின் ஒழுங்கும் முக்கியமானது. பெட்டியை வெறுமையாக்கிக் கழற்றி, இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டு, முன்பக்கத்து இரும்புக் காலை இறக்கி ஊன்றி, தரையில் நிற்கும் சில்லின் முன்னும் பின்னும் ஆப்புக் கட்டை செருக வேண்டும். சில்லின் நட்டுகளை, சில்லு தரையில் இருக்கும்போதே கால் சுற்றளவு தளர்த்திவிட வேண்டும். கடற்காற்றும் உப்பும் படும் தீவகத்திலும் கரையோரங்களிலும் நட்டுகள் துருவேறி இறுகியிருப்பதால், உயர்த்தியபின் அவற்றைத் தளர்த்த முயல்பவர் தம் முழுப் பலத்தாலும் இயந்திரத்தைத் தாங்கியிலிருந்து தள்ளுகிறவர் ஆகிறார்.

கியரில் விட்டால் வாகனம் அசையாது என்ற நம்பிக்கை காரிலும் நான்கு சில்லு உழவு இயந்திரத்திலும் பிழைத்துவிடும். இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கும் ‘டிபரன்சியல்’ என்னும் பற்சக்கரத் தொகுதி அவற்றில் இருப்பதால், இயந்திரத்தால் இயங்கும் சில்லுகளுள் ஒன்று காற்றில் எழுந்தவுடன் மற்றதும் கட்டற்று உருளக்கூடியதாகிறது. லான்ட்மாஸ்ரர் வகைகளிற் பெரும்பாலானவற்றில் அத்தொகுதி இல்லை. ஒவ்வொரு சில்லுக்கும் தனியான திருப்புக் கிளச் உண்டு. ஆகவே தாழ்ந்த கியர் தரையிலுள்ள சில்லைப் பிடித்துவைத்திருக்கும், ஆனால் கைப்பிடியில் உள்ள அக்கிளச் விசையை யாரேனும் அழுத்திவிட்டால் அந்தப் பிடி அற்றுப்போகும். சிறுவர்களை வேலையிடத்திலிருந்து விலக்கி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜக் இல்லாதபோது இயந்திரத்தை ஆட்கள் சேர்ந்து ஒரு பக்கமாகச் சரித்து வேலை செய்வதும் உண்டு. முச்சக்கர வண்டியைச் சரிக்கும் கராஜ் வழக்கத்தின் தொடர்ச்சியாக இதைக் கொள்ளலாம். டீசல் இயந்திரத்துக்கு இது ஏற்றதன்று. காற்று வடிகட்டியின் கிண்ணத்தில் ஒயில் உள்ள வகைகளில் அந்த ஒயில் உறிஞ்சுகுழாய்க்குள் வடிந்து, இயந்திரத்தை மீண்டும் இயக்கும்போது எரிபொருளாகவே எரியத் தொடங்கினால், வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். அந்நிலையில் டீசலை அடைத்தாலும் இயந்திரம் நிற்காது, காற்று வரும் வழியையே அடைக்க வேண்டும். சரிக்கப்பட்ட இயந்திரத்தை இயக்குமுன் வடிகட்டியைக் கழற்றித் துடைத்து, ஒயிலைப் புதிதாகக் கோட்டளவுக்கு ஊற்றுவது அவசியம்.

இறக்கும்போது தாங்கியை எடுப்பதற்காக இயந்திரத்தைச் சற்றே உயர்த்தி, கையை உள்ளே நீட்டாமல் ஒரு தடியால் தாங்கியை வெளியே தள்ளி, பின் ஜக்கை மெல்லத் தாழ்த்த வேண்டும். நட்டுகளை எதிரெதிராக மாறிமாறி இறுதியாக இறுக்குவது சில்லு தரையைத் தொட்ட பின்னரே. இரும்புச் சில்லாயின், முதல் உழவு முடிந்ததும் அவற்றை மறுபடி இறுக்கிப் பார்ப்பர்.